கொல்லையில் ஒரு இரும்பறை

ஆடி மாசத்தில் ஒருத்தி தன் வீட்டுக் கொல்லையில் லாரிப் பெட்டி ஒன்றை இறக்கி வைத்து, அதற்குள் தீ மூட்டி, கட்டின புருஷனை உள்ளே அனுப்புகிறாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் வரும். பேச்சுக்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

என் பெயர் ஐயனார். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். காலையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டிப் படியில் உட்கார்ந்தால் அமுதவல்லி வீட்டுக் கொல்லை நேரே தெரியும். அதனால் நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அவர்கள் சத்தமாகவே பேசினார்கள்.

அமுதவல்லி கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள். ஆயிரம் இலை என்றாலும் அசராமல் நிற்பாள். ஆள் சின்ன உருவம், குரல் மட்டும் மண்டபம் நிறைக்கும். புருஷன் உதயசூரியன் தீயணைப்பு நிலையத்தில் பதினாறு வருஷச் சர்வீஸ். அதிர்ந்து பேசாதவர்.

எங்கள் பக்கம் தீயணைப்பு வண்டிக்கு என்ன வேலை வரும்? கிணற்றில் மாடு விழும். பள்ளிக்கூடத்துக்குள் பாம்பு புகும். அறுப்பு முடிந்து வெயில் ஏறினால் வைக்கோல் படப்பு பற்றும். படப்புத் தீக்கு ஒரு குணம் உண்டு. மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். கொக்கி போட்டு இழுத்து, பிரித்துக் கலைத்துவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். அந்த நிலையத்தில் லீடிங் ஃபயர்மேனாக இருக்கும் கருப்பன் அண்ணன் இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வந்ததும் அதுதான். முதலில் திற, பிறகு அடி.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, டவுனில் ஒரு மெத்தைக் கடையின் பின்னறையில் தீ. கதவு சாத்தியிருந்தது. அடியில் புகை கசிந்ததே தவிர வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. உதயசூரியன் படப்பைப் பிரிக்கிற பழக்கத்தில் கதவை விரியத் திறந்தார். காற்றில்லாமல் உள்ளே அமுங்கிக் கிடந்த தீ, காற்றைக் கண்டதும் வாசல் நிறைய வந்து அவரை அடித்தது. இரண்டு கையும், காதும், கழுத்தும் வெந்துபோயின. உயிர் தப்பியதை டாக்டர்களே ஆச்சரியமாகச் சொன்னார்கள்.

ஒன்பது மாசத்தில் தோல் மூடிவிட்டது. ஆனால் சாத்திய கதவைக் கண்டால் அவருக்குக் கை நடுங்கும். அவர்கள் வீட்டில் நடு அறைக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்பாள் அமுதவல்லி. தேக்குக் கதவை எந்தக் கரையான் அரித்தது என்று நான் கேட்டதில்லை.

நிலையத்தில் அவருக்கு டெலிபோன் டூட்டி போட்டிருந்தார்கள். அதிலிருந்துதான் சண்டை தொடங்கியது.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு எங்கூட வந்துருங்க. நாப்பது வயசாச்சு. இன்னும் எத்தன எடத்துல வேகணும் ஒங்களுக்கு?"

"அண்டா தூக்கக் கை வேணும்ல?"

"தூக்க வேணாம். பந்தியில சும்மா நில்லுங்க. ஒங்க மொகத்தப் பாத்தே ரெண்டாவது தடவ பாயசம் கேக்க மாட்டானுங்க."

உதயசூரியன் சிரிக்கவில்லை. "மணி அடிச்சா வண்டி கெளம்புது அமுதா. நான் ரிசீவர வச்சிட்டு ஜன்னல் வழியாப் பாக்குறேன். ஏறிப் போற அத்தன பேத்துக்கும் படப்பு மட்டுந்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான். இப்ப ஊருக்கு ஊரு மாடி வீடு, ஏசி ரூம்பு, மெத்தை. அடுத்த கதவ எவன் தொறக்கப் போறானோ."

"எவனோ தொறக்கட்டும். நீங்க தொறக்காதீங்க."

"நான் ஒரு தடவ ஒழுங்காத் தொறந்து, உள்ள போயி, வெளிய வரணும். இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது."

சோறு இறங்காதது உண்மைதான். அவள் வைத்த கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டுக் குழம்பு வட்டிலில் ஆறிக் கிடந்ததை நானே பார்த்தேன்.

வழி சொன்னது ஆண்ட்ரூஸ். ஆவூர்க்காரர், உதயசூரியனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பதினாலு வருஷம் குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி சேப்டியில் இருந்துவிட்டு வந்து, இப்போது கீரனூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

"அங்க இரும்புலயே ரூம்பு செஞ்சு வச்சிருப்பாங்க மாப்ள. கட்டிலும் இரும்பு, சோபாவும் இரும்பு. எரியிறது கேஸ் மட்டுந்தான். வெளிய ஒருத்தன் ஸ்பிரிங் வால்வப் புடிச்சிக்கிட்டு நிப்பான். அமுக்கிப் புடிச்சாத்தான் கேஸ் போவும். கைய விட்டா நின்னுரும். உள்ள போனவன் தப்புப் பண்ணிட்டா கைய விட்டுட்டு, 'நீ செத்துட்டே'ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துவான். செத்தவன் எந்திரிச்சு டீ குடிச்சிட்டு மறுபடி வரிசையில வந்து நிப்பான். நெசத்துல ஒருத்தனுக்கும் முடி கருகாது. எங்கிட்ட லாரிப் பொட்டி ஒண்ணு சும்மா கெடக்கு, அதுலயே செஞ்சிரலாம்."

அமுதவல்லி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கேஸ் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அவளால் சும்மா இருக்க முடியாது.

"சிலிண்டர் எங்க நிக்கும்?"

"முப்பதடி தள்ளி."

"பர்னர் நின்னு போயி கேஸ் மட்டும் வந்தா?"

"பக்கத்துல சின்னத் தீ ஒண்ணு தனி டியூப்புல எரிஞ்சிக்கிட்டே இருக்கும். வர்ற கேஸ அது பத்த வச்சிரும்."

"அதுவும் நின்னுட்டா? கேஸு மேல போவாதுண்ணே, தரையில படுக்கும். பொட்டிக்கு அடியில கை நுழையிற மாதிரி வரிசையா ஓட்ட போடாம எம் பர்னர ஒருத்தரும் தொடப்படாது. ரெண்டு பக்கமும் கதவு வேணும். ரெண்டும் உள்ளேருந்து தள்ளுனா தொறக்கணும்."

ஆண்ட்ரூஸ் உதயசூரியனைப் பார்த்தார். "குவைத்துல எங்க இஞ்சினியர் கேட்ட கேள்வி மாப்ள."

"இன்னொண்ணு. வால்வு எங் கையிலதான். வேற ஆளு புடிச்சா அந்தப் பொட்டிய அருவாளால வெட்டிப் போட்ருவேன்."

"இரும்புப் பொட்டி தங்கச்சி."

"அருவாளும் இரும்புதான்."

ஆடியில் கல்யாணம் கிடையாது. அமுதவல்லியின் பெரிய பர்னர்கள் சாக்கு மூடிக் கிடந்தன. மேடை அலங்காரம் செய்யும் சிவபிரகாஷின் புகை மெஷினும் சும்மாதான் கிடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும்போது காலடியில் வெள்ளையாக விடுவார்களே, அதுதான். ஆண்ட்ரூஸ் ஓடாத லாரியின் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு வாரம் கொல்லையில் வெல்டிங் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. மூலையில் பர்னர், அதைச் சுற்றிக் கம்பி வலை, பக்கத்தில் இரும்புக் கட்டில், சுவரில் சூடு காட்டும் முள், வெளியே நின்று பார்க்கத் தடித்த கண்ணாடி. பஞ்சாயத்துக் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் அந்தப் பக்கம் போனதை நான் கவனிக்கவில்லை. யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கதவில் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். குனிந்து, ஒரு சாண் மட்டும் திறந்து, மேலே தேங்கிய சூடு ஆறக் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் தண்ணீரைத் தூறலாக அடித்துவிட்டுச் சாத்த வேண்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி அப்படியே. பிறகு தவழ்ந்து உள்ளே போய்க் கதவைத் தன் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். காற்று புகக்கூடாது. படப்புக்காரர் படித்ததற்கு நேர் எதிர்.

கேஸ் தீ தண்ணீருக்கு அணையாது. உள்ளே போனவர் சரியாகச் செய்தாரா என்று கண்ணாடி வழியாகப் பார்த்து, சரி என்றால் வால்வை மெல்லத் தளர்த்த வேண்டும். தப்பு என்றால் சட்டென்று விட்டுவிட்டு அந்தச் சொல்லைக் கத்த வேண்டும். தீர்ப்பு முழுவதும் அமுதவல்லி கையில்.

விடிந்ததும், காற்றுக் கிளம்புவதற்கு முன்னால் செய்து பார்த்தார்கள். முதல் நாள் அவர் புறங்கையைக் கதவில் வைக்கவே கால் மணி நேரம் ஆனது. கட்டையாக நின்றார். வைத்தார், எடுத்தார், வைத்தார். ஒரு சாண் திறந்தார். உடனே தீ அணைந்துவிட்டது.

"சரியா?" என்று கதவருகிலிருந்து கேட்டார்.

"சரிதாங்க. நல்லாச் செஞ்சீங்க" என்றாள்.

இரண்டாம் நாளும் சரி. மூன்றாம் நாள் கதவை விரியத் திறந்துவிட்டார். அதற்கும் சரி என்றாள். அவர் கதவை விட்டு விலகி வந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தார். அவர் ஒன்றைத் தூக்கி அடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் ஹோஸ் முனையில பிராஞ்ச இன்னும் தொறக்கவே இல்ல. தண்ணியே வரல. எப்புடி அணைஞ்சிச்சு?"

"காத்து."

"பொட்டிக்குள்ளயா ஆடிக் காத்து அடிக்கிது?"

"கை வலிச்சிச்சு."

"சோத்து அண்டாவ எறக்குற கை, வால்வப் புடிச்சா வலிக்கிதா? நான் கதவ முழுசாத் தொறந்துட்டேன். எனக்கே தெரியிது. நீ ஏன் சொல்லல?"

அமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னான்னு சொல்லச் சொல்றீங்க? அந்த வார்த்தையவா? தாலி கட்டுன ஆளப் பாத்து, அதுவும் ஆடி வெள்ளிக்கெழம, எந்தப் பொம்பளைக்கு வாய் வரும்? ஆஸ்பத்திரியில ஒங்கள வாழையெலையில படுக்க வச்சிருந்தப்ப ஒவ்வொருத்தரும் வாசல்ல நின்னு அதத்தான் மொணங்குனாங்க. நான் ஒருத்தி மட்டும் அந்த வார்த்தைய நெனைக்கக்கூட இல்ல. நெனைக்காததாலதான் நீங்க இருக்கீங்க."

"நீ இங்க பொய் சொன்னா, நான் தப்ப நெசத் தீயிலதான் தெரிஞ்சிக்கணும். அங்க வால்வு கெடையாது அமுதா."

அவள் சிலிண்டரை மூடப் போனாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் பெட்டியையே சாணி மெழுகிப் பூட்டியிருப்பேன்.

அதற்குள் நிலையத்துக்குச் சேதி போய்விட்டது. ஸ்டேஷன் ஆபீசர் ரகுநாத், வயசு முப்பதுக்குள், நேரடியாகத் தேர்வெழுதி வந்தவர். மோசமான மனுஷன் இல்லை. காகிதத்தில் இல்லாததைக் கண்டால் அவருக்கு வேர்க்கும், அவ்வளவுதான். ஆர்டர் இல்லாத பயிற்சிக்கு யாரும் போகக்கூடாது, போனால் மெமோ என்று போர்டில் எழுதிவிட்டார். அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இருந்த ஐந்து பேர் சொந்த வண்டிகளில் வந்து இறங்கினார்கள். ஆறாவதாகக் கருப்பன் அண்ணனும் வந்தார், கேலி பண்ணுவதற்கென்றே.

"இருவத்தாறு வருசம் தீயில கெடந்தவனுக்குக் கல்யாண அடுப்பக் காட்டுறியா தங்கச்சி? சாம்பார் எங்க?"

"கம்பங்கூழ் இருக்குண்ணே. போயிட்டு வந்து குடிங்க."

மதில் ஓரத்தில் ஊர்ப் பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு ராக்காயிதான் முன்னால் நின்றாள். எந்த வீட்டில் என்ன ஆகாது என்று சொல்வதுதான் அவளுக்கு முழுநேர வேலை. புகை மெஷின் பெட்டியை நிரப்பியது. பர்னர் உறுமியது. கருப்பன் அண்ணன் மூச்சுக்கான காற்று உருளையை முதுகில் மாட்டி, முகமூடி போட்டு, நேரே நடந்து போய்க் கதவை இரண்டு கையாலும் விரியத் திறந்தார்.

அமுதவல்லி கையை விட்டாள். உறுமல் நின்றது.

"கருப்பண்ணே! நீங்க செத்துட்டீங்க!"

அவளுடைய மண்டபக் குரல் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். ஐந்து பேரும் சிரித்தார்கள். கருப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை.

"மெத்தக் கடையில இதுதான் நடந்துச்சு" என்றார். "கதவுகிட்ட அவன் நின்னான். தொடவா வேணாமான்னு திரும்பிப் பாத்தான். நாந்தான் பின்னாலேருந்து 'தொறடா'ன்னேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அமுதவல்லி புருஷனைப் பார்த்தாள். ஒன்பது மாசமாக அவர் இதை வீட்டில் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணன் சொல்லாட்டியும் தொறந்திருப்பேன்" என்றார் உதயசூரியன். "எனக்கும் அதான தெரியும்."

அவள் கருப்பன் அண்ணன் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தகும் என்றும் நினைத்தேன். அவள் ஒரு சொம்பு கூழை மோந்து கருப்பன் அண்ணனிடம் நீட்டினாள்.

"குடிங்க. குடிச்சிட்டு மறுபடி போங்க. இந்தத் தடவ ஒரு சாண்."

அவர் மூன்று தடவை செத்தார். நாலாவது தடவை கதவு ஒரு சாண்தான் திறந்தது.

அப்போதுதான் உதயசூரியன் கையுறையை மாட்டினார். அமுதவல்லி கண்ணாடிக்கு நேரே வந்து வால்வை அமுக்கினாள். புறங்கை கதவில் பட்டது, நடுங்கியது, அங்கேயே நின்றது. ஒரு சாண் திறந்து தூறல் அடித்தார். சாத்தினார். மறுபடி அடித்தார். அவள் வால்வை விடவில்லை. கை நரம்பு புடைத்தது. அவர் தவழ்ந்து உள்ளே போனார்.

ஜீப் வந்து நின்றது அந்த நேரத்தில். ரகுநாத் இறங்கி ஓடி வந்தார். யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "யாரு பர்மிஷன் குடுத்தா? மேடம், ஒடனே அணைங்க!"

"அவரு உள்ள இருக்காரு சார். சத்தம் போடாதீங்க."

"அதுக்குத்தான் அணைக்கச் சொல்றேன்!"

அவள் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். புகைக்குள் உதயசூரியன் பர்னர் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். எல்லாம் சரி. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. பின்னால் கதவை ஒட்டி வைக்க மறந்துவிட்டார். பாதி திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று புகையைக் கலைத்துக்கொண்டு உள்ளே போனது. அவளும் பார்த்துவிட்டாள்.

நல்லா செஞ்சீங்க என்று சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆபீசரும் போய்விடுவார், ராக்காயியும் போய்விடுவாள், சாயங்காலம் இருவரும் சேர்ந்து சாப்பிடலாம்.

கையை விட்டாள்.

"என்னங்க!" அந்தக் குரல் பாதியில் உடைந்து, பிறகு கொல்லை அதிர எழுந்தது. "கதவச் சாத்தல நீங்க! செத்துட்டீங்க! கேக்குதா? செத்துட்டீங்க!"

"அடி பாவி மகளே" என்று ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். "வெளங்குமா இந்தக் குடும்பம்? தாலியக் கழுத்துல வச்சிக்கிட்டு என்ன வார்த்தடி இது!"

"சொல்லத்தான் செய்வேன்!" அமுதவல்லி மதில் பக்கம் திரும்பினாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை. "நூறு தடவ சொல்லுவேன். இங்க நான் சொல்லலன்னா அங்கிட்டு வேற எவனாச்சும் வந்து எங்கிட்டச் சொல்லுவான். அவன் வாயால கேக்க என்னால முடியாது. நீங்க வேணும்னா காதப் பொத்திக்கங்க."

பெட்டிக்குள்ளிருந்து உதயசூரியன் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார். ஒன்பது மாசம் கழித்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், காது கோணினாலும் சிரிப்பு நேராகத்தான் இருந்தது.

"ஆமா. சாத்தல. மறந்துட்டேன்" என்றார். "இன்னொருக்காப் போறேன்."

ஆபீசர் குறுக்கே வந்தார். "உதயசூரியன், இது ஆர்டர். போகக் கூடாது."

"இன்னிக்கு எனக்கு ஓய்வு சார். இது என் வூட்டுக் கொல்லை."

அவர் மறுபடி குனிந்தார். புறங்கை நடுங்கவில்லை. ஒரு சாண், தூறல், சாத்தல். ஒரு சாண், தூறல், சாத்தல். தவழ்ந்து உள்ளே போனதும் கதவு அவருக்குப் பின்னால் மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. கருப்பன் அண்ணன் தன்னையறியாமல் "அப்புடி!" என்றார். உள்ளே கூரையில் தண்ணீர் பட்டுச் சடசடத்தது. சூடு முள் இறங்கியது. அமுதவல்லி அவசரப்படவில்லை. அவர் பர்னர் அருகே போய்ச் சேரும்வரை அமுக்கிப் பிடித்திருந்துவிட்டு, அப்புறம்தான் ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள்.

அந்தப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வந்தார். நனைந்து, வேர்த்து, முழுசாக வந்தார். ஒருவரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

ரகுநாத் செல்போனைப் பையில் போட்டார். முகம் சிவந்திருந்தது. "இங்க நிக்கிற ஏழு பேருக்கும் நாளைக்கு மெமோ வரும்."

"குடுங்க சார்" என்றாள் அமுதவல்லி. "ஏழு பேரும் உசுரோட வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிருவாங்க."

பிறகு வால்வை மறுபடி அமுக்கினாள். பெட்டிக்குள் தீ எழுந்தது.

"அடுத்து யாருங்க?" என்று கேட்டாள்.